விளக்குக்கு எண்ணெய் தனி

ஜூன் 7, சனி

சந்தாவை மறுபடி ஏற்றிவிட்டார்கள். நாத்தனாருக்கு வந்த மெயிலைக் காலையில் எனக்கும் அனுப்பினாள். "உங்கள் விளையாட்டு அனுபவத்தை மேலும் செழுமையாக்கும் பொருட்டு" என்று தொடங்குகிறது. அடுத்தவர் பர்ஸுக்குள் கை விடும் நேரத்தில்தான் மொழி இவ்வளவு மரியாதை பழகுகிறது. அனுபவம் நேற்று இருந்தபடியேதான் இருக்கிறது. செழுமை வேறு யாருக்கோ.

எனக்குப் பல் லேபில் வேலை. வந்த நாள் முதல் அடுத்தவர் பல்லையே செய்துகொண்டிருப்பதால் விலை எதுவும் பல்லில்தான் புரிகிறது. வருடச் சந்தா முன்பு ஒரு முன்பல். இப்போது கடைவாய்ப் பல், அதுவும் பீங்கானில். டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் புதுசு ஒன்றின் விலையைக் கடை வாசலில் பார்த்தேன்: மேல்வரிசை முழுவதும். அதே கன்சோல் வெளிவந்தபோது மேல்வரிசையில் பாதிதான். பழசாகப் பழசாக விலை ஏறும் மின்சாதனம் இது ஒன்றுதான். எங்கள் வீட்டு மிக்ஸிக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

மத்தியானம் நாத்தனார் வந்தாள். சனிக்கிழமை தவறாமல் வருவாள். என் கணவரின் தங்கை, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பாதி தண்ணீரில். நாத்தனாரும் அண்ணியும் மனமொத்துச் செய்கிற காரியங்கள் உலகத்தில் அதிகம் கிடையாது. நாங்கள் சுரங்கம் தோண்டுகிறோம்.

கேமுக்கு ஏதோ நீளப் பெயர். எங்களுக்குச் சுரங்கம். இரண்டு தொழிலாளிகள், ஒரே திரை, ஒரே சோபா. ஒருத்தி விளக்குப் பிடிக்க வேண்டும், மற்றவள் தோண்ட வேண்டும். வெளிச்சம் இல்லாத இடத்தில் தோண்டினால் கூரை தலையில் விழும். அவள் தோண்டுவாள், நான் விளக்கு. அவளுக்கு முன்னால் போவது பிடிக்கும், எனக்கு முன்னால் போகிறவரைக் குறை சொல்வது பிடிக்கும். ஆறு வருடமாக இதில் சண்டையே வந்ததில்லை.

சுரங்கத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். பழைய கன்சோலில் ஓடாது. ஒரே திரையில் இருவர் ஆடுவதையும் எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு கன்சோல், ஆளுக்கொரு சந்தா, ஆளுக்கொரு வீடு. "வீரர்களுக்கு முழுச் சுதந்திரம்" என்று விளம்பரம். யாரிடமிருந்து? என்னிடமிருந்து நாத்தனாருக்கு.

வாங்கமாட்டேன் என்றேன். அவள் தண்ணீர் குடித்தாள்.

ஜூன் 9, திங்கள்

லேபில் பக்கத்து மேஜை மெழுகுக்காரர், பல்லுக்கு மெழுகில் அச்சு செதுக்குபவர், இன்று கேட்டார்: "இந்த வயசுல வீடியோ கேமாம்மா? காசு கொட்டிக் கெடக்கா?"

இவர் ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர். தூண்டில் வெளிநாட்டுச் சரக்கு, உட்காரத் தனி நாற்காலி, தலைக்குத் தனித் தொப்பி. இதுவரை வீட்டுக்கு ஒரு மீன் போனதாகத் தகவல் இல்லை. அவருடையது பொழுதுபோக்கு. என்னுடையது வயசுக்கோளாறு.

"மீன் எப்படி இருக்கு?" என்று விசாரித்தேன். அதன் பிறகு மெழுகைப் பார்த்தார்.

ஜூன் 14, சனி

நாத்தனார் வரவில்லை. தலைவலி என்று போன் செய்தாளாம், அண்ணனுக்கு.

ஜூன் 15, ஞாயிறு

தலைவலி இல்லை. புதுக் கன்சோல்.

என் கணவர்தான் உளறினார். லிஃப்ட் மெக்கானிக், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுகொண்டிருப்பது தொழிலிலேயே பழகியவர். "உன்கிட்ட தலைவலின்னு சொல்லச் சொன்னா" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று மேலே பார்த்தார். ஃபேனைத் தவிர அங்கே உதவிக்கு யாரும் இல்லை.

தவணையில் வாங்கியிருக்கிறாள். வாங்கட்டும். அவள் சம்பளம், அவள் கண். எனக்கென்ன.

எனக்கென்ன என்று எழுதிவிட்டுப் போய்க் கன்சோலைப் போட்டேன். எல்லா கேமின் மேலும் ஒரு சின்னப் பூட்டுப் படம். சுரங்கத்தின் மேலும். அழுத்தினால் "இதை விளையாட உங்களுக்கு உரிமை இல்லை. வாங்க விருப்பமா?" என்கிறது.

என் ஹாலில், என் டிவியில், என் பாதிக் காசில் வாங்கின சாமானை, எனக்கே விற்கிறான்.

ஜூன் 16, திங்கள்

விஷயம் புரிந்துவிட்டது. முதல் கேம் வாங்கும்போது கணக்கைத் தொடங்க ஒரு பெயர் கேட்டது. நாத்தனார் தன் பெயரைப் போட்டாள், டைப் அடிக்கத் தெரிந்தவள் அவள்தான். அதற்குப் பின் வாங்கியதெல்லாம் பாதிப் பாதி, ஆனால் எல்லாம் அந்தக் கணக்கில். டிஸ்க்காக வாங்கியிருந்தால் அலமாரியில் இருக்கும். டிஸ்க் தூசி பிடிக்கும் என்று சொன்ன மகராசி நான்தான்.

புதுக் கன்சோல் அவளிடம், "இதுதான் இனி உங்கள் முதன்மைக் கன்சோலா?" என்று கேட்டிருக்கிறது.

போனில் சொன்னாள்: "ஆமான்னு அழுத்திட்டேன் அண்ணி. அது கேக்கறதுக்கெல்லாம் ஆமாங்கறதுதானே வழக்கம். யாரு படிச்சுப் பாக்கறா?"

ஒரு ஆமா. என் வீட்டில் எல்லாம் பூட்டு.

சரி, உரிமை அவள் பக்கம். ஆறு வருடமாகத் தோண்டிச் சேமித்த சுரங்கமோ என் கன்சோலின் வயிற்றுக்குள். அதை அவள் கன்சோலுக்கு அனுப்பவேண்டுமென்றால் புது விலையில் சந்தாவைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். சாவி அவளிடம், வீடு என்னிடம், வாடகை கம்பெனிக்கு.

ஜூன் 18, புதன்

கம்பெனியின் உதவி மையத்தோடு எழுத்தில் உரையாடல். அந்தப் பக்கம் ஆளா இயந்திரமா என்று தெரியவில்லை. ஆளாக இருந்தால் பாவம், இயந்திரமாக இருந்தால் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். முதன்மைக் கன்சோலைத் தூரத்திலிருந்து மாற்ற வருடத்துக்கு ஒருமுறைதான் அனுமதியாம். அந்த ஒருமுறை என் கன்சோல் பழுதாகிப் போனபோது தீர்ந்துவிட்டதாம். தங்கள் ஏமாற்றத்தை மிகவும் புரிந்துகொள்கிறோம் என்றது. வேறு வழி உண்டா என்றேன். உண்டு: என் பெயரில் புதுக் கணக்கு, எல்லா கேமையும் மறுபடி வாங்குவது. முதல் வாரத்துக்குத் தள்ளுபடி.

ஒரு கிழவருக்கு நான் செய்துகொடுத்த பல் செட்டை அவர் வாயிலிருந்து கழற்றி எடுத்து, இது பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, வேண்டுமானால் தள்ளுபடியில் இன்னொன்று வாங்குங்கள் என்று நான் சொன்னால் என்னைக் கடிப்பார். கடிக்கப் பல் இருக்காது என்பது வேறு.

"சேவையை மதிப்பிடுங்கள்" என்று நட்சத்திரம் நீட்டியது. ஒன்றும் கொடுக்கவில்லை. நட்சத்திரமாவது என் பெயரில் இருக்கட்டும்.

ஜூன் 21, சனி

நாத்தனார் வந்தாள். பையில் கன்ட்ரோலர் இல்லை, கடையின் விலைத்தாள் இருந்தது.

நானும் ஒன்று வாங்கவேண்டுமாம். முதல் தவணையை அவளே கட்டுகிறாளாம். பழைய கேமெல்லாம் போனால் போகட்டும், இரண்டாம் பாகத்தில் புதிதாகத் தொடங்கலாமாம். "நீங்க உங்க வீட்ல, நான் என் வீட்ல. காதுல மாட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டே ஆடலாம் அண்ணி. பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கும்."

"அப்படின்னா அண்ணின்னு ஒருத்தி எதுக்கு? யாராவது ஒருத்தி போதுமே" என்றேன்.

அவள் விலைத்தாளை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக.

"ரெண்டு பஸ் மாறி வர்றது நான். வெயில்ல, மழைல. ராத்திரி திரும்பிப் போறதும் நான். ஆறு வருஷத்துல ஒரு சனிக்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வந்ததுண்டா அண்ணி?"

"உங்க வீட்ல என்ன இருந்துச்சு, வர்றதுக்கு? கன்சோல் இங்கதானே இருக்கு."

"அதான் வாங்கிட்டேன்."

போய்விட்டாள். அவர் மாடிப்படி வரை போய், பாதியில் நின்று, திரும்பி வந்தார். தொழில் பழக்கம்.

நான் சொன்னது சரிதான். கன்சோல் இங்கேதான் இருந்தது. இரண்டு தடவை யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாவது தடவை யோசிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். அவள் பாஸ்வேர்டு என் கன்சோலில் இன்னும் சேமித்தபடியே இருக்கிறது. அவள் பெயரில் நான் உள்ளே போனால் பூட்டெல்லாம் திறந்துகொள்கிறது. ஒரே ஒரு குறை: அந்த நேரத்தில் அவள் தன் வீட்டில் ஆடிக்கொண்டிருந்தால், அவளை வெளியே தள்ளிவிடும்.

இதைக் குறை என்று ஏன் எழுதினேன்.

பத்து நிமிடத்தில் அவர் போன் அடித்தது. எனக்கும் கேட்கிற குரல். "அண்ணா, அண்ணிகிட்டச் சொல்லு, பாதி ஆட்டத்துல இருக்கேன்." அவர் போனைப் பொத்திக்கொண்டு, "பாதி ஆட்டத்துல இருக்காளாம்" என்றார். நானும் பாதிச் சுரங்கத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அடுத்த நிமிடம் என் திரை அணைந்தது, அவள் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். நான் திரும்பப் போனேன். அவள் போனாள். பிறகு இரண்டு பேருமே கணக்கு கொஞ்ச நேரத்துக்கு முடக்கப்பட்டதாக மெயில் வாங்கினோம். வந்தது அவளுக்கு. அண்ணன் வழியாக எனக்கு.

ஜூலை 6, ஞாயிறு

ஒப்பந்தம். சனிக்கிழமை கணக்கு எனக்கு, மற்ற நாள் அவளுக்கு. இடைத்தரகர் என் கணவர். கமிஷன் கேட்டார், முறைத்தேன்.

ஜூலை 12, சனி

தனியாகச் சுரங்கம். விளக்கை நட்டுவிட்டுத் தோண்டவேண்டும், நகர்ந்தால் திரும்ப வந்து எடுக்கவேண்டும். திரையின் வலது பாதியில் நாத்தனாரின் தொழிலாளி கையைத் தொங்கப்போட்டு நிற்கிறாள். கன்ட்ரோலரைத் தொட ஆள் இல்லாவிட்டால் அவ்வப்போது கொட்டாவி விடுகிறாள். அதையும் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள்.

அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விளக்கைக் கொடுத்தேன். வெளிச்சம் அவர் மேலேயே விழுந்தது. நான் இருட்டில். கூரை விழுந்தது. மறுபடி. கூரை விழுந்தது. மூன்றாம் முறை, "இந்தச் சுரங்கத்துக்கு லிஃப்ட் கிடையாதா?" என்றார். எழுந்திருக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 19, சனி

இன்றும் தனியாக.

ஜூலை 24, வியாழன்

இரண்டாம் பாகம் வெளியாகிவிட்டது. விலை: கீழ்வரிசை, ஞானப்பல் உட்பட.

அண்ணன் வழியாகக் கசிந்த செய்தி இது. புதிய சுரங்கத்தில் விளக்கு இலவசம், எண்ணெய் தனியாம். நிஜக் காசு. எண்ணெய் தீர்ந்தால் இருட்டு, இருட்டில் தோண்டினால் கூரை. காத்திருந்தாலும் எண்ணெய் ஊறுமாம், மறுநாள் வரை. முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து ஆடினாளாம். அந்த ஆள் விளக்குப் பிடித்தான், எண்ணெய் தீரப்போகும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டான். இவள் அடியில்.

"என்னத்த சொல்றது, மூணு தடவை எண்ணெய் வாங்கிட்டாளாம்" என்றார் அவர்.

சிரிக்கவேண்டும் என்றுதான் இருந்தேன். வெற்றி என்னுடையது. நான் சொன்னது நடந்தது. உட்கார்ந்து நல்லபடியாகச் சிரிக்கலாம் என்று இடமெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தேன். வரவில்லை. எவனோ ஒருத்தன் அவளை இருட்டுல விட்டுட்டுப் போயிட்டானாம். எவன் அவன்? விளக்குப் பிடிக்கத் தெரியாதவன் எதுக்கு விளக்கை வாங்கறான்?

ஜூலை 26, சனி

கணக்கு எனக்கான நாள். போடவில்லை.

மிக்ஸியைத் துடைத்தேன். மிக்ஸிக்கு ஆச்சரியம்.

ஜூலை 31, வியாழன்

லேபில் அடிக்கடி நடப்பது ஒன்று. மேல்வரிசையைத் தனியாக எவ்வளவு அழகாகச் செய்தாலும், கீழ்வரிசையோடு கடிக்கவைத்துப் பார்க்காமல் அனுப்பமுடியாது. தனியாக மேஜையில் இருக்கும்போது எந்தப் பல் செட்டும் சரியாகத்தான் இருக்கிறது. சிரிக்கக்கூடச் செய்கிறது.

இதிலிருந்து நான் எதுவும் சொல்லவரவில்லை. இன்று வேலை அதிகம், அதை எழுதினேன்.

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் கன்சோலைக் கழற்றி, இரண்டு பழைய துண்டில் சுற்றி, பல்லின் மாவுக்கட்டு அச்சுகள் கொண்டுபோகும் லேப் பையில் வைத்தேன். "எங்க?" என்றார் அவர். பஸ் ஸ்டாப்புக்கு என்றேன். பொய் இல்லை.

முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பை. பக்கத்து ஆள், "என்னம்மா அது, கனமா இருக்கும் போல" என்றார். "நாத்தனார் வீட்டுக்கு" என்றேன். கேட்டதற்குப் பதில் அதுவல்ல. ஆனால் அவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். இரண்டாவது பஸ்ஸில் நின்றபடியே. வெயில். இதை அவள் ஆறு வருடம்... சரி.

மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் சொந்தத் தங்கை வீட்டு லிஃப்ட். இதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு படியாக நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது?"

"சுரங்கம். பாதியில நிக்குது, தோண்ட ஆள் இல்ல. சமாதானத்துக்கெல்லாம் வரல, சொல்லிட்டேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டுடப்போறியேன்னு."

உள்ளே டிவிக்கு எதிரே ஒரு நாற்காலி. ஒன்றே ஒன்று. அதன் முதுகில் காதில் மாட்டும் சாதனம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத வீட்டில் யாருக்கு இரண்டாவது நாற்காலி. ஆறு வருடமாக இந்த அறையை நான் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அறை இப்படி இருக்கும் என்பது தெரியாது.

நாற்காலியை எனக்குக் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. சமையலறையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்தாள். அதிலும் நான் உட்காரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் தரையில். அவள் கணக்கு, என் கன்சோல், பூட்டு திறந்தது. பக்கத்து மேஜையில் புதுக் கன்சோல் வெளியே தள்ளப்பட்டுப் பச்சை விளக்கை அணைத்துக்கொண்டது. மேல்வரிசை விலை.

"விளக்கைக் கொஞ்சம் இடதுபக்கம் பிடிங்க அண்ணி."

"எனக்குத் தெரியும். நீ முன்னால போ."

"எண்ணெய் தீந்துடாதே?"

"இதுல தீராது. இது பழசு."

தோண்டினாள். பிறகு, "ரெண்டாவது பஸ்ல சீட் கெடச்சுதா?" என்று கேட்டாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"இல்ல."

"கெடைக்காது" என்றாள்.

அவ்வளவுதான் பேசினோம். எழுந்திருக்கும்போது இரண்டு பேருக்கும் முழங்கால் சத்தம் போட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நாத்தனாரிடம் கேட்டு, அவள் கணக்குக்குள் போய்ச் சந்தாவை நிறுத்திவிட்டேன். நிறுத்து என்ற பொத்தானுக்குப் போவதற்குள் நாலு இடத்தில் "நிச்சயமாகவா?" என்று கேட்டார்கள். சேரும்போது ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. நாலு இடத்திலும் நிச்சயமாக என்றேன். நிதானமாகப் படித்துப் பார்த்துத்தான்.

ஆகஸ்ட் 9, சனி

அவள் இங்கே வந்தாள். அடுத்த வாரம் நான் அங்கே. யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

அவரிடம் தங்கை வீட்டு லிஃப்ட்டைப் பற்றிப் பேசினேன். அது வேறு கம்பெனி லிஃப்ட்டாம், தொடக்கூடாதாம். ஆளாளுக்கு ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

மெழுகுக்காரர் கேட்டார்: "என்னம்மா, கேமெல்லாம் விட்டாச்சா? வெல ஏறிப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே."

"பொழுதுபோக்கை விடல, செலவைத்தான் விட்டேன்" என்றேன். அது எப்படி என்றார். ஏரியில் மீன் இல்லாமலே நீங்கள் பிடிப்பதைப் போலத்தான் என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். அவர் தூண்டில் கம்பெனியும் புது மாடல் விட்டிருக்கிறதாம். வாங்கமாட்டேன் என்றார். முகத்தைப் பார்த்தால் வாங்கிவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

நாத்தனார் புதுக் கன்சோலை விற்றுவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விற்குமுன் அதிலிருந்து தன் கணக்கை எடுத்திருக்கிறாள். எடுத்ததும் என் கன்சோலில் பூட்டெல்லாம் தானாகவே மறைந்துவிட்டது. அவள் கன்சோலில் ஒரே ஒரு பொத்தான்; முதல் நாளே அழுத்தியிருக்கலாம். மிகவும் புரிந்துகொண்ட அந்த உதவி மையம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பொத்தான் கன்சோலை விற்கிறவர்களுக்கானது; வாங்கவைக்கப் பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது.

என் முறை வந்தால் கன்சோலைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. போகிறேன். லேப் பையின் காது அறுந்துவிட்டது, தைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 27, சனி

இன்று என் முறை. மூன்று மாடி ஏறிப் போனால், டிவிக்கு எதிரே நாற்காலியைக் காணோம். நீளமாக ஒரு சோபா. மூன்று பேர் உட்காரலாம், இரண்டு பேர் காலை நீட்டிக்கொள்ளலாம். கன்சோல் விற்ற பணமாம். போதவில்லை என்று மேலே கொஞ்சம் போட்டிருக்கிறாள்.

"சோபாவும் வெல ஏறிடுச்சு அண்ணி. ரெண்டு வருஷம் முன்னாடி இதே சோபா பாதி வெல."

"ஏறாம?"

"ஆனா கடைக்காரன்கிட்டத் தெளிவாக் கேட்டுட்டேன். பில்லைப் படிச்சும் பாத்துட்டேன்."

"என்னன்னு?"

"வேற எதுவும் தனியாக் கட்டணுமான்னு. ஒக்காந்தாப் போதுமாம்."

உட்கார்ந்தோம்.